கரன்ட்டில் ஓடும் படகு: ஒரு பழைய கதை

கொச்சியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு கடமை உண்டு. ஊரிலிருந்து மாமா, சித்தி, ஒன்றுவிட்ட தங்கை என்று யார் வந்தாலும் ஃபோர்ட் கொச்சியில் சீன வலையைக் காட்ட வேண்டும். அப்புறம் வாட்டர் மெட்ரோவில் ஒரு ரவுண்டு கூட்டிப்போக வேண்டும். 2023 ஏப்ரலில் ஹைகோர்ட் ஜெட்டிக்கும் வைப்பினுக்கும் இடையே முதல் படகு ஓட ஆரம்பித்ததிலிருந்து இது ஏறக்குறைய சட்டமாகவே ஆகிவிட்டது :-) வருகிறவர்கள் எல்லோரும் ஏறி உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷத்தில் கேட்பது ஒரே கேள்விதான். "ஏம்ப்பா, சத்தமே இல்லையே, எஞ்சின் போட்டுட்டாங்களா?" போட்டாயிற்று, பாதி தூரம் வந்தாயிற்று என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். "இதெல்லாம் இப்பப் புதுசா வந்த டெக்னாலஜியா?"

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பதிவு. புதுசு இல்லை. பெட்ரோல் படகு வருவதற்கு முன்பே கரன்ட் படகு வந்துவிட்டது. வந்தது, நன்றாகவே ஓடியது, பிறகு காணாமல் போனது, இப்போது திரும்பி வந்திருக்கிறது. ஏன் போனது, ஏன் திரும்பி வந்தது என்று பார்த்தால் இன்னொரு கேள்விக்கும் பதில் கிடைக்கும். "நம்ம ஊர் வள்ளத்துக்கும் இப்படி ஒரு மோட்டாரை மாட்டிவிட்டால் டீசல் செலவு மிச்சமாகுமே" என்று கடற்கரைப் பக்கம் சொந்தபந்தம் இருக்கிற நம்மில் பலருக்கும் தோன்றும். அந்தக் கேள்வியைத்தான் சொல்கிறேன்.

ஜார் மன்னர் காசில் ஒரு படகு

1838 செப்டம்பர். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம், நேவா நதி. மோரிட்ஸ் யாகோபி என்ற ஜெர்மன்காரர் ஏறக்குறைய 8 மீட்டர் நீளமுள்ள ஒரு படகில் பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்து ஓட்டிக் காட்டினார். பாய் இல்லை, துடுப்பு இல்லை, நீராவி இல்லை. தானே கண்டுபிடித்த மின்மோட்டாரால் சுற்றும் சக்கரம் மட்டும்தான். செலவுக்குப் பணம் கொடுத்தது ஜார் மன்னர் முதலாம் நிக்கோலஸ். வேகம் என்று பார்த்தால் கரையில் ஒருவர் நிதானமாக நடந்து போனால் எவ்வளவோ, அவ்வளவுதான். ஆனால் ஓடியது.

அப்போது டைனமோ கிடையாது, சார்ஜ் பண்ணக்கூடிய பேட்டரியும் கிடையாது. யாகோபியின் படகில் இருந்தவை துத்தநாகத்தைக் கரைத்து மின்சாரம் தரும் நூற்றுக்கணக்கான மின்கலங்கள். துத்தநாகம் கரைந்து தீர்ந்ததும் புதிதாகப் போட வேண்டும். அதாவது நிலக்கரிக்குப் பதில் துத்தநாகத்தை எரிப்பது மாதிரி. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஜூல் (பள்ளிக்கூடத்தில் நாம் படித்த அதே ஜூல்தான்) 1840களில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரே வேலைக்கு நிலக்கரியைவிடத் துத்தநாகம் பல மடங்கு செலவு பிடிக்கும் என்று தெரிந்தது. அத்தோடு அந்த ஆசை ஒரு நாற்பது வருஷத்துக்குப் படுத்துவிட்டது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் படகிலேயே மோட்டார் தன் வேலையைச் செய்தது. காலை வாரியது மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பெட்டி. இந்தக் கதை முழுக்க இப்படித்தான் போகும்.

முதல் அவுட்போர்டு

1859-ல் பிரான்சில் காஸ்டன் பிளான்டே ஈயத் தகடுகளையும் அமிலத்தையும் வைத்துத் திரும்பத் திரும்பச் சார்ஜ் பண்ணக்கூடிய பேட்டரியைச் செய்தார். இன்றைக்கும் நம் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் அதன் வாரிசுதான். 1881-ல் கமீல் ஃபோர் அதை மேம்படுத்தி, தொழிற்சாலையில் செய்கிற அளவுக்குக் கொண்டுவந்தார்.

அதே 1881-ல், மே மாதம், பாரிஸில் குஸ்தாவ் துரூவே என்ற ஆசாமி சேன் நதியில் ஒரு சின்னப் படகை ஓட்டினார். இவர் செய்த புதுமை வேறு மாதிரி. மோட்டார், விசிறி, சுக்கான் மூன்றையும் ஒரே சாமானாகச் சேர்த்து, படகின் பின்பக்கம் மாட்டிக் கழற்றுகிற மாதிரி செய்துவிட்டார். வேண்டுமானால் ஒரு படகிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டிக்கொள்ளலாம்.

புரிகிறதா? நம் கடற்கரைகளில் வள்ளத்தின் பின்னால் தொங்குகிறதே அவுட்போர்டு மோட்டார், அதன் முப்பாட்டன் இதுதான். அந்த முப்பாட்டன் ஓடியது மின்சாரத்தில். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அதற்குள் வந்தது பிற்பாடு.

பொற்காலம்

அடுத்த முப்பது வருஷம் மின்படகுகளின் பொற்காலம் என்றே சொல்லலாம். 1886 செப்டம்பரில் 'வோல்டா' என்ற படகு இங்கிலாந்தின் டோவரிலிருந்து கிளம்பி, கால்வாயைத் தாண்டி பிரான்சின் கலே வரை போய், ஒரே சார்ஜில் அன்றைக்கே திரும்பி வந்தது. போக வர 65 கிலோமீட்டருக்கு மேல். லண்டன் பக்கம் தேம்ஸ் நதியில் 1880களின் கடைசியில் வாடகை மின்படகுகளும், அவற்றுக்குக் கரையோரம் சார்ஜ் ஏற்றும் நிலையங்களும் வந்துவிட்டன. 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மின்படகுகள் செயற்கை ஏரிகளில் ஓடின. ஆறு மாதத்தில் பத்து லட்சம் பேருக்கு மேல் ஏறி இறங்கினார்கள்.

அப்போது அதற்குப் போட்டி நீராவிப் படகு. நீராவி என்றால் பாய்லர், பாய்லர் என்றால் கரி, கரி என்றால் புகை. அதைக் கவனிக்கத் தனியாகத் தெரிந்த ஆள் வேண்டும். தண்ணீர் கொதிக்கும் வரை காத்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உல்லாசப் பயணம் போகிற பணக்காரர்களுக்கு மின்படகு பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

பிறகு பெட்ரோல் வந்தது. ஓலே எவின்ரூட் என்பவர் நார்வேயில் பிறந்து, சின்ன வயதிலேயே அமெரிக்காவுக்குப் போனவர். (அவரும் நம்மை மாதிரி பிழைக்கப் போன குடும்பம்தான்.) அவர் 1909-ல் மில்வாக்கி நகரத்தில் பெட்ரோல் அவுட்போர்டு மோட்டாரை விற்க ஆரம்பித்தார். சத்தம் போட்டது, புகை விட்டது, கையில் எண்ணெய் ஒட்டியது. ஆனாலும் அதுதான் ஜெயித்தது.

ஒரு லிட்டர் டீசலின் எடை

ஏன் ஜெயித்தது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். பயப்படாதீர்கள், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஒரு லிட்டர் டீசலில் இருக்கும் சக்தி ஏறக்குறைய 10 யூனிட் (வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்). எஞ்சின் அதில் மூன்றில் இரண்டு பங்கைச் சூடாகவும் புகையாகவும் வீணாக்கிவிட்டு, 3 யூனிட்டைத்தான் விசிறிக்குக் கொடுக்கும். மின்மோட்டார் அப்படி இல்லை, கொடுத்ததில் 90 சதவீதத்தைத் திருப்பித் தந்துவிடும். அந்த விஷயத்தில் டீசல் எஞ்சின் பக்கத்திலேயே நிற்க முடியாது.

ஆனால் அந்த 3 யூனிட்டைச் சுமப்பதற்கு? டீசல் என்றால் ஒரு கிலோவுக்கும் குறைவு. ஈய பேட்டரி என்றால் 100 கிலோ. இன்றைய லித்தியம் பேட்டரிகூட, பெட்டி, வயர் எல்லாம் சேர்த்தால் 25, 30 கிலோ.

இவ்வளவுதான் விஷயம். ஒரு கேன் டீசலை ஒரு கையால் தூக்கிப் படகில் போடுகிறவனிடம் போய், "அதே தூரத்துக்கு இந்த ஒரு டன் ஈயத்தை ஏற்றிக்கொள்" என்றால் அவன் என்ன செய்வான்? எவ்வளவு தூரம் போகப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரியாத எல்லாப் படகுகளும் எண்ணெய்ப் பக்கம் போய்விட்டன.

மின்சாரம் இரண்டே இடங்களில் தாக்குப்பிடித்தது. ஒன்று, தண்ணீருக்கு அடியில். நீர்மூழ்கிக் கப்பலுக்குள் எஞ்சினை ஓட்டக் காற்று கிடையாது என்பதால் மேலே இருக்கும்போது டீசல், முழுகியதும் பேட்டரி. இன்னொன்று, ஜெர்மனியின் பவேரியாவில் கோனிக்ஸே என்கிற மலை ஏரி. அந்தப் பக்கம் அரச குடும்பம் வேட்டைக்குப் போகிற காடு. படகுச் சத்தத்தில் மான்கள் மிரண்டு ஓடக்கூடாது என்று மின்படகுக்கு மட்டும் அனுமதி. முதல் மின்படகு அங்கே ஓடியது 1909-ல், எவின்ரூட் பெட்ரோல் மோட்டாரை விற்கத் தொடங்கிய அதே வருஷம். இன்றைக்கும் அந்த ஏரியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்பவை மின்படகுகள்தான். ஈய பேட்டரியை வைத்தே பல தலைமுறைகளை ஓட்டிவிட்டார்கள். எப்படி முடிந்தது? ஏரியின் நீளம் 8 கிலோமீட்டர்கூட இல்லை. எங்கே போனாலும் ராத்திரி அதே துறைக்குத்தான் திரும்ப வேண்டும். போகிற தூரம் காலையிலேயே தெரியும்.

நீண்டகரையில் நடந்தது

இப்போது கேரளத்துக்கு வருவோம். ஆனால் மின்படகுக்கு முன்னால் இன்னொரு மாற்றத்தைப் பார்க்க வேண்டும். துடுப்பும் பாயும் போய் எஞ்சின் வந்த கதை.

1952-ல் இந்தியா, நார்வே, ஐ.நா. மூன்றும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. 1953-லிருந்து கொல்லத்துக்கு வடக்கே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. மீனவர்களின் பழைய வள்ளங்களிலேயே எஞ்சினைப் பொருத்திவிடலாம் என்பதுதான் முதல் யோசனை. சரிப்பட்டு வரவில்லை. துடுப்புக்கென்று செதுக்கிய மரம் எஞ்சினின் எடைக்கும் அதிர்வுக்கும் ஒத்துழைக்கவில்லை. கடைசியில் எஞ்சினுக்கென்றே புதுப் படகுகளை வடிவமைத்துக் கட்டினார்கள். புதுப் படகு வந்ததும் புது வலை வந்தது, இறால் ஏற்றுமதி வந்தது, ஐஸ் ஃபேக்டரி வந்தது, பணம் போட முடிந்தவர் ஒரு பக்கம், முடியாதவர் மறுபக்கம் என்று பிரிவினையும் வந்தது. எஞ்சினை மட்டும் மாற்றுகிறோம் என்று நினைத்து ஆரம்பித்தது கடற்கரையையே மாற்றிவிட்டது.

1980களில் ஜப்பான் அவுட்போர்டு மோட்டார்கள் வந்த பிறகுதான் சின்ன வள்ளக்காரர்களும் எஞ்சினுக்கு மாறினார்கள். அதோடு மண்ணெண்ணெய் விலையும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு விஷயமாகிவிட்டது. துடுப்புப் போட்ட காலத்தில் கடலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால் அன்றைய உழைப்புதான் நஷ்டம். எஞ்சின் வந்த பிறகு எண்ணெய்க் கடனும் சேர்ந்துகொண்டது.

வேடிக்கை என்னவென்றால், நமக்கு எஞ்சின் போடக் கற்றுக்கொடுத்த அதே நார்வேதான் எஞ்சினைக் கழற்றுவதிலும் முந்திக்கொண்டது. 2015-ல் 'ஆம்பியர்' என்ற படகு அங்கே லாவிக், ஒப்பெடல் என்ற இரண்டு ஊர்களுக்கு நடுவே ஓட ஆரம்பித்தது. கார்களை ஏற்றிச் செல்லும் படகுகளில் முழுக்க பேட்டரியில் ஓடிய முதல் படகு அதுதான். 120 கார்கள், 360 பயணிகள். கடல்வழித் தூரம் 6 கிலோமீட்டருக்கும் குறைவு. இரண்டும் சின்ன ஊர்கள் என்பதால், பத்து நிமிஷத்தில் இவ்வளவு மின்சாரத்தை உறிஞ்சினால் அந்த ஊர் லைன் தாங்காது. அதனால் இரண்டு கரையிலும் பெரிய பேட்டரிகளை வைத்து, படகு இல்லாத நேரத்தில் அவற்றை மெதுவாக நிரப்பி, படகு வந்ததும் அதிலிருந்து மளமளவென்று மாற்றிவிடுகிறார்கள். நம் வீட்டு மாடியில் மோட்டார் போட்டு டேங்க்கை நிரப்பி வைத்துக்கொள்கிறோமே, அதே யோசனைதான்.

வைக்கம் ஜெட்டி

தமிழர்களுக்கு வைக்கம் என்றால் பெரியார்தான். 1924-ல் தொடங்கிய சத்தியாகிரகம், சிறை, 2024 டிசம்பரில் புதுப்பித்துத் திறக்கப்பட்ட நினைவகம். 1925 மார்ச்சில் காந்தி படகில் வந்து இறங்கியதும் வைக்கம் ஜெட்டியில்தான். அதே வைக்கத்திலிருந்து வேம்பநாட்டு ஏரியைக் கடந்து எதிர்க்கரையில் இருக்கும் தவணக்கடவுக்கு, 2017 ஜனவரி 12 அன்று 'ஆதித்யா' என்ற படகு ஓட ஆரம்பித்தது. இந்தியாவின் முதல் சூரிய மின்சக்திப் பயணிகள் படகு. ஓட்டுவது கேரள அரசின் நீர்ப்போக்குவரத்துத் துறை, கட்டியது கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம்.

75 பேர் உட்காரலாம். நீளம் 20 மீட்டர், அகலம் 7 மீட்டர். கூரையில் 20 கிலோவாட் சூரியத் தகடுகள், உள்ளே 50 யூனிட் பிடிக்கும் லித்தியம் பேட்டரி, ஆளுக்கு 20 கிலோவாட்டாக இரண்டு மோட்டார்கள். கால் மணி நேரத்தில் அக்கரை.

முக்கியமான விஷயம், பழைய டீசல் படகின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரை வைத்த கதை இல்லை இது. படகையே புதிதாக யோசித்தார்கள். மரத்துக்கும் இரும்புக்கும் பதிலாக எடை குறைந்த கண்ணாடியிழை. ஒரே பெரிய அடிப்பாகத்துக்குப் பதிலாகத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் இரண்டு ஒல்லியான அடிப்பாகங்கள், நடுவே தளம். ஆங்கிலத்தில் இந்த வகைப் படகுக்குப் பெயர் கேட்டமரான். ஆமாம், நம் கட்டுமரம் என்ற சொல்தான் ஊர் சுற்றிவிட்டு அந்தப் பெயரில் திரும்பி வந்திருக்கிறது. (கட்டுமரம் என்பது கட்டைகளைச் சேர்த்துக் கட்டியது, இது இரட்டைப் படகு, உருவம் வேறு. பெயர் மட்டும் நம்முடையது.) அகலமாக இருப்பதால் கூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்தாலும் படகு அவ்வளவு எளிதில் சாயாது. இதே ஏரியில் 2002 ஜூலையில் முகம்மாவிலிருந்து குமரகம் போன பயணிகள் படகு மூழ்கி 29 பேர் இறந்துபோனார்கள். அதை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

நான் தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆதித்யா நிதான வேகத்தில் ஓட ஏறக்குறைய 16 கிலோவாட் போதும். தினமும் 22 நடை, நடைக்குக் கால் மணி என்றால் ஐந்தரை மணி நேர ஓட்டம், 88 யூனிட். கூரையில் இருக்கும் 20 கிலோவாட் தகடுகள் நல்ல வெயில் நாளில் 80 யூனிட் தரும். மிச்சத்தை ராத்திரி கரையில் ப்ளக் மாட்டி ஏற்றிக்கொள்ளலாம். வரவும் செலவும் எவ்வளவு அழகாக நேராகிறது பாருங்கள். இப்படி நேராகும்படித்தான் படகை வடிவமைத்திருக்கிறார்கள்.

இப்போது டீசல் பக்கம். அந்த வழியில் ஒரு டீசல் படகுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டரை ஒட்டித் தேவைப்பட்டது. மேலே சொன்ன கணக்குப்படி 88 யூனிட் வேலைக்கு 30 லிட்டர் டீசல் போதுமே? மிச்சம் 70 லிட்டர் எங்கே போனது? எடைக்கும் அடிப்பாகத்தின் உருவத்துக்கும் பழைய எஞ்சினுக்கும் போனது. அதாவது மிச்சம் பிடித்ததில் பெரும்பங்கு படகின் உடம்பை மாற்றியதில் வந்தது. அதே பழைய படகில் மோட்டாரை மட்டும் வைத்திருந்தால், பேட்டரி பல மடங்கு பெரிதாக வேண்டும், அதைச் சுமக்க இன்னும் சக்தி வேண்டும், கூரை முழுக்கத் தகடு போட்டாலும் காணாது.

வேகத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த மாதிரிப் படகுகளுக்குத் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சக்தி பாதியாகிவிடும். ஓடும் நேரம் கொஞ்சம் கூடுவதையும் கழித்துப் பார்த்தால், மூன்று நிமிஷம் தாமதமாகப் போகச் சம்மதித்தால் பேட்டரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஏரியைக் கடக்கிற பள்ளிப் பிள்ளைகளுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அந்த மூன்று நிமிஷம் ஒரு பொருட்டில்லை.

2020-ல் உலக அளவில் மின்படகுகளுக்கான ஒரு விருது ஆதித்யாவுக்குக் கிடைத்தது. விருதின் பெயர் என்ன தெரியுமா? குஸ்தாவ் துரூவே விருது. சேன் நதிக்காரரின் பெயரில் உள்ள விருது வைக்கத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 140 வருஷம் ஆகியிருக்கிறது.

கொச்சி வாட்டர் மெட்ரோ இதன் அடுத்த கட்டம். கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் கட்டிய 100 பேர் போகும் படகுகள், பத்து பதினைந்து நிமிஷத்தில் சார்ஜ் ஏறும் வேறு வகை லித்தியம் பேட்டரி, அவசரத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டர். முதல் படகுக்கு வைத்த பெயர் 'முசிரிஸ்', நம் சங்கப் பாடல்களில் வரும் முசிறி. மிளகுக்காகக் கடல் தாண்டி வந்தவர்களின் துறைமுகம்.

எல்லாப் படகுக்கும் இது சரிப்படுமா?

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நம் ஊர் வள்ளத்துக்கு மோட்டார் மாட்டலாமா?

காசியில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கங்கையில் ஓடும் நூற்றுக்கணக்கான டீசல் படகுகளை 2021 வாக்கில் சி.என்.ஜி.க்கு மாற்றினார்கள். அங்கே அதே மரப் படகு, அதே படகோட்டி, சிலிண்டர் மட்டும் புதிது. புகையும் சத்தமும் குறையும், ஆனால் படகையே மாற்ற வேண்டாம். நூறு வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு படகு வைத்துப் பிழைக்கும் இடத்தில் அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

கடலுக்குப் போகும் வள்ளத்தின் கதை இன்னும் கஷ்டம். விசிறிக்கு 30 யூனிட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். டீசல் என்றால் 10 லிட்டர், ஒரு கேன். லித்தியம் என்றால் 250 கிலோவுக்கு மேல். அலையைத் தாண்டித் தள்ளி இறக்கி, திரும்பி வந்ததும் மணலில் இழுத்து ஏற்ற வேண்டிய வள்ளத்தில் அத்தனை கிலோவும் ஆட்களின் தோளில்தான் ஏறும். உப்புத் தண்ணீர் வேறு. எல்லாவற்றையும்விட முக்கியம், மீன் எங்கே இருக்கிறது என்று காலையில் யாருக்கும் தெரியாது. மடி விழாவிட்டால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். காற்று மாறினால் திரும்பி வர இரண்டு மடங்கு ஆகும். நடுரோட்டில் சார்ஜ் தீர்ந்து நிற்கும் கார்க்காரர் ஒரு போன் போட்டுவிட்டு டீ குடிக்கலாம். நடுக்கடலில் தீர்ந்தால்?

பணமும் தலைகீழ். டீசல் படகு வாங்கும்போது மலிவு, ஓட்டும்போது செலவு. மின்படகு வாங்கும்போதே மொத்தச் செலவையும் கேட்கும், பிறகு சும்மா இருக்கும், சில வருஷம் கழித்து பேட்டரிக்கு இன்னொரு தடவை கேட்கும். ஆதித்யாவுக்கு ஏறக்குறைய இரண்டு கோடி ஆனது. அரசுத் துறை அதைப் போட்டுவிட்டு, தினமும் மிச்சமாகும் டீசலில் மெதுவாக எடுத்துக்கொள்ளலாம். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக் கடலுக்குப் போகிறவர் அப்படிக் காத்திருக்க முடியுமா? நீண்டகரையில் 1950களில் பணம் போட முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் நடுவில் விழுந்த அதே கோடு மறுபடியும் விழும்.

அதற்காக நம் ஊரில் இடமே இல்லை என்று சொல்லவில்லை. ஊட்டி ஏரி, கொடைக்கானல் ஏரி, முட்டுக்காடு, பிச்சாவரம் இதையெல்லாம் நினைத்துப் பாருங்கள். கோனிக்ஸேக்குச் சொன்ன அத்தனையும் அப்படியே பொருந்தும். தூரம் குறைவு, தண்ணீர் அமைதி, அதே துறைக்குத் திரும்பி வரும் படகு. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டுப் பறவைகளும் பவேரியா மான்களை மாதிரி சத்தமில்லாத படகைத்தான் விரும்பும். கன்னியாகுமரியில் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுகள் விவேகானந்தர் பாறைக்குப் போகும் தூரம் வைக்கம் வழியைவிட மிகக் குறைவு. ஆனால் அங்கே இருப்பது ஏரி இல்லை, கடல் சீறினால் படகையே நிறுத்திவிடுகிற இடம். ஒல்லியான அடிப்பாகமும் நிதான வேகமும் அங்கே அப்படியே எடுபடாது. வேறு படகு யோசிக்க வேண்டும்.

எனவே யாராவது வந்து, "படகை எலக்ட்ரிக்காக மாற்றித் தருகிறோம், மானியம் உண்டு" என்று உங்கள் ஊர்க்காரர்களிடம் சொன்னால், மோட்டார் எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். மோட்டார் எல்லாமே நல்ல மோட்டார்தான், 1838-லிருந்தே. கேட்க வேண்டியவை மூன்று. தினமும் எவ்வளவு தூரம் போவோம் என்று காலையிலேயே தெரியுமா? படகின் உடம்பு இதற்கென்று கட்டியதா, பழசிலேயே மாட்டியதா? பேட்டரி தீர்ந்துபோகிற வருஷத்தில் புது பேட்டரிக்கு யார் பணம் கொடுப்பார்கள்?

முதல் இரண்டுக்கும் என்ஜினியர்கள் பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதை எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.